தளரும் திருகாணி

கால்பந்து பூட்ஸின் அடியிலுள்ள குமிழ்த் திருகாணிகளில் ஒன்று மட்டும் தினமும் ஏன் தளர்கிறது? கீர்த்தனனுக்குப் புரியவில்லை. ஓடித் தளர்வதென்றால் எல்லாமே தளர வேண்டும்; ஒன்று மட்டுமென்றால் அது யாரோ ஒருவரின் கைவேலை. சனிக்கிழமை ஒஸ்லோவுக்கு ஜெர்மன் கிளப்காரர் தங்கள் அணிக்கு ஆளெடுக்க அவன் ஆட்டத்தைப் பார்க்க வருகிறார். ஓட்டத்தில் சட்டெனத் திரும்பும்போது அது கழன்றால் முழங்கால் போய்விடும்.

"கம்பஸ் படிப்பை இடையிலை விட்டிட்டுப் போனியெண்டால் இஞ்சை திரும்பி வராதை," என்றாள் அம்மா.

"போகட்டும் விடும், புஷ்பம். அப்பா மறிச்சவர் எண்டு நாளைக்கு அவன் சொல்லப்படாது," என்றார் அப்பா.

அம்மாவைச் சந்தேகித்த கீர்த்தனன், திருகாணியில் கறுப்புச் சைக்கிள் கிரீஸைத் தடவி வைத்தான்.

மறுநாள் பயிற்சிக்குப் புறப்பட்டவனின் தோளில் அப்பா தட்டினார். "வடிவா விளையாடு, தம்பி."

வெள்ளை ஜெர்சியில் மூன்று விரல்கள் கறுப்பாகப் பதிந்தன.

அன்றே பூட்ஸை மைதான லாக்கரில் வைத்துப் பூட்டினான். அதன்பிறகு திருகாணி தளரவில்லை.