கரண்டு குடித்தது யார்

கதவின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி, கதவு சாத்தித்தான் இருக்கிறது என்று காரை ஏமாற்றிவிட்டு, பேட்டரிக்கும் ஒயருக்கும் நடுவே மீட்டரை மாட்டினார் மெக்கானிக் ஜேசுபாதம்.

“இருபது நிமிசம் யாரும் தொடக்கூடாது அண்ணாச்சி. கார் தூங்கணும். அது தூங்குத நேரத்துல எவன் கரண்டு குடிக்கான்னு அப்பதான் தெரியும்.”

செந்தூர்பாண்டிக்கு இருபது நிமிடமே பெரிதாக இருந்தது.

வீட்டுக்குள் மகள் பிரேமாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. தலைப்பிரசவம். ஊர், தூத்துக்குடியை ஒட்டிய சின்னப் புதுக்கோட்டைதான்; ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை. ஆனால் கார் கிளம்ப வேண்டுமே!

பத்து நாளில் மூன்று தடவை படுத்துவிட்டது. புது பேட்டரி போட்டும் அதே கதைதான். இரண்டு நாள் சும்மா நின்றால் போதும், சாவியைத் திருகினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வலி வந்தபிறகு பக்கத்து வீட்டு லோடு ஆட்டோவையா தேடிக்கொண்டிருக்க முடியும்?

மீட்டரில் எண் இறங்கி இறங்கி, பாயிண்ட் நாலு இரண்டு ஆம்பியரில் வந்து உட்கார்ந்துகொண்டது. இருக்க வேண்டியதைப்போல் பத்து மடங்கு.

ஜேசுபாதத்தின் சந்தேகம் முதலில் முருகன் மேல் போனது. முன்கண்ணாடிக்குக் கீழே, வேலும் கையுமாக, பச்சையும் சிவப்புமாய் மினுங்கிக்கொண்டிருந்தார்.

“ஏலே, சாமி மேல பழி போடாதல!”

ஜேசுபாதம் முருகனின் ஒயரைக் கழற்றிப் பார்த்தார். எண் இம்மியளவுதான் இறங்கியது. செந்தூர்பாண்டி அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார் ஜேசுபாதம். ஹாரன் இல்லை. ரேடியோ இல்லை. உள்விளக்கு ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் படக்கென்று விழுந்தது. திரும்பச் செருகியதும் ஏறிக்கொண்டது.

மேல் விளக்கு அணைந்துதான் இருந்தது. டிக்கி விளக்கும் அப்படியே. மிச்சம் ஒன்றுதான்.

முன்சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டு பெட்டியின் மூடி ஒரு விரற்கடை சேராமல் நின்றது. இடுக்கில் மஞ்சளாய் ஒரு கீற்று.

“அதத் தொறக்காதல.” செந்தூர்பாண்டி குறுக்கே கையை நீட்டினார். “உள்ள ஆர்.சி. புக்குதான் இருக்கு.”

ஜேசுபாதம் திறந்துவிட்டார்.

ஒரு கிலுகிலுப்பை சலசலத்துக்கொண்டு அவர் மடியில் விழுந்தது.

இந்த வீட்டில் பிள்ளை பிறக்கும்வரை பிள்ளைக்கென்று ஒரு நூல்கூட வாங்க மாட்டார்கள். போன மாதம் மனைவி முருகேஸ்வரி ஜவுளிக்கடையில் ஒரு குட்டிச் சட்டையைத் தொட்டுப் பார்த்ததற்கே, “ஒனக்கு அறிவிருக்கா?” என்று அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டவர், பாருங்களேன், இதே மனிதர்தான்.

“வீட்டுக்குள்ளதான வைக்கக்கூடாது?” என்று இப்போது தலையைச் சொறிந்தார். “காரு வீடா என்ன? ஒங்க அக்காட்ட சொல்லிராத.”

“சாமானை வெளியே எடுத்தா மூடி சேந்திரும். இல்லன்னா பல்பைக் கழத்தணும். எது அண்ணாச்சி?”

“பல்பைக் கழத்து.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜேசுபாதம் உள்ளே கையை விட்டார். பல்பு கைக்கு வருமுன் வேறு என்னென்னவோ வந்தது. கயிறு வைத்த வெள்ளைச் சட்டைகள் ஆறு. அதற்கும் பின்னால், கட்டைவிரல் நீளத்தில் ஒரு ஜோடி ஊதாக் காலுறை.

கடைசியில் பல்பும் வந்தது. மீட்டர் அடங்கியது. இனி எந்த நேரம் கூப்பிட்டாலும் கார் கிளம்பும்.

செந்தூர்பாண்டி மீட்டரைப் பார்க்கவே இல்லை.

“நான் கிலுகிலுப்பை மட்டும்தான வச்சேன்?”

“சட்டை நான் வச்சது.”

டீ டம்ளர்களோடு முருகேஸ்வரி வந்து நின்றதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

“நீங்க வச்சதப் பாத்தபெறவுதான் எனக்கும் தைரியம் வந்தது. எதுக்கு இந்த முழி முழிக்கிய? டீயக் குடிங்க.”

டம்ளரைக் கொடுத்துவிட்டுக் காலுறையைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது யாரு வச்சது?”

வீட்டு ஜன்னலில், ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்ற பிரேமா, மறு கையால் சட்டென்று திரையை இழுத்துவிட்டாள்.