அவர் திறந்த பக்கம்

கணினியை அணைக்காமலே பள்ளிக்குக் கிளம்பினார் ஆசிரியர்.

"இன்னைக்காவது உங்க பக்கத்துல யாராவது எழுதுவாங்களா?" என்று மனைவி சீண்டினாள்.

"எழுதுவாங்க, பாரேன்!"

ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து பாடக்குறிப்பு எழுத அவர் இணையத்தில் திறந்துவைத்த பொதுப் பக்கம் அது. எத்தனை கெஞ்சியும் இரண்டு வருடமாக அங்கே ஈ காக்கை கிடையாது.

அடுத்த வாரம் மகள் கூப்பிட்டாள். "அம்மா, அப்பாவோட பக்கத்துல எல்லாரும் எழுதறாங்க!"

மனைவி வந்து பார்த்தாள். ஒருவர் எழுத, இன்னொருவர் அழிக்க, திரையில் ஒரே அமளி.

"என்னடி எழுதறாங்க?"

"அப்பாவுக்கு இரங்கல் செய்திம்மா. 'திடீர் மறைவு'ல 'திடீர்' வேணும்ங்கறார் அறிவியல் சார், வேணாம்ங்கறாங்க கணக்கு டீச்சர்."

ஓரத்தில் தலைமையாசிரியர் கேட்டிருந்தார்: "சேர்ந்து எழுத ரொம்ப வசதியா இருக்கே! யார் ஆரம்பிச்ச பக்கம் இது?"

பக்கத்தின் உச்சியில், உரிமையாளர் என்ற இடத்தில், கணவரின் பெயர் அப்படியே இருந்தது.