இருநூறு கிராம் வெள்ளை மணி

“இருநூறு கிராம் குறையுது சார்” என்று ஸ்டோர்காரர் சொன்னதுதான் தாமதம், ஆராய்ச்சிக்கூடத்து டைரக்டர் மேசைமேல் இருந்த களிமண் உருண்டையை எடுத்துக் கசக்க ஆரம்பித்துவிட்டார்.

கோபம் வந்தால் அவருக்கு அது வேண்டும். லேபில் லென்ஸ் சாயாமல் நிற்க வைக்க வாங்கிய களிமண். பாதி லென்ஸுக்குப் போகும், பாதி டைரக்டர் கோபத்துக்குப் போகும்.

குறைந்தது வெள்ளை மணி. மிளகு அளவு பிளாஸ்டிக். வெந்நீரில் போட்டால் கண்ணாடி மாதிரி தெளிந்து இளகும், பிசைந்து என்ன உருவம் வேண்டுமானாலும் பிடிக்கலாம், ஆறினால் எலும்பு மாதிரி இறுகிவிடும். அந்த லேபில் குழாயைத் தாங்கும் கொக்கி, தெர்மாமீட்டர் ஸ்டாண்டு, அலமாரியின் கைப்பிடி எல்லாம் அதில் பிடித்ததுதான். பிடித்தது லேப் அக்கா.

ஐம்பது வயசு. எல்லாருக்கும் அக்கா, ஆபீஸ் ஃபைலில் மட்டும் ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். அடுத்த மாதம் நிரந்தரமாக்கும் கமிட்டி கூடுகிறது. இந்த நேரத்தில் ஃபைலில் ஒரு மெமோ விழுந்தால் போச்சு, அப்படியே வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

அதனால் டைரக்டர் லேபுக்குள் வந்து, சோதனை போடும் உத்தரவை நீட்டி, “டிராயரைத் திறம்மா” என்றபோது அக்கா மெதுவாகத்தான் சாவியைத் தேடி எடுத்துத் திறந்தாள்.

உத்தரவின் அடியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோழி கிளறின மாதிரி ஏதோ இருந்தது. ஆறு மாதமாக அவர் கையெழுத்து அந்த லட்சணம்தான். பேனா சரியில்லை என்பார், காகிதம் சரியில்லை என்பார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று தலைமை அலுவலகம் மூன்று கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. கை நடுங்குகிறது என்று அந்தக் கட்டிடத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான் யாருக்கும் தைரியம் கிடையாது.

டிராயரில் துணி சுற்றி ஒரு வெள்ளைக் கட்டி இருந்தது. இஞ்சி மாதிரி மேடும் பள்ளமுமாக, குறுக்கே ஒரு துளையோடு.

“என்ன இது?”

“ஒரு பிடி சார்.”

“யாருக்கு?”

அக்கா சுற்றிலும் பார்த்தாள். ஸ்டோர்காரர் நிற்கிறார். ஆராய்ச்சி மாணவர்கள் எட்டுப் பேர் வேலை செய்கிற பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

“உங்க ரூமுக்கு வந்து தனியா சொல்றேன் சார்.”

“தனியா என்ன ரகசியம்? நாலு பேர் முன்னாடி சொல்லு.”

அக்கா துணியை மறுபடி கட்டிமேல் இழுத்துவிட்டாள்.

பிறகு நடந்தது சொற்பொழிவு. லேப் பொருளில் ஒரு துளிகூடச் சொந்த உபயோகத்துக்குப் போகக் கூடாது என்றார். இருபது வருஷ சர்வீஸில் ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை என்றார். பேத்தி தினமும் ஆபீஸ் காரில்தான் பள்ளிக்கூடம் போகிறாள், ஆனால் கார் குண்டூசியில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

பேசிக்கொண்டே கட்டியைக் கையில் எடுத்தவர், ஏனோ ஒரு நொடி நிறுத்தினார். அப்புறம் அதைச் சட்டென்று கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். போன வாரமே அவர் மேசையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும், தப்பு பண்ணிவிட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது. அவ்வளவு வீறாப்பு பிடித்த மனுஷனிடம், உங்கள் கை நடுங்குகிறது என்று எட்டுப் பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

போன மாதம் அவளை வறுத்தெடுத்துவிட்டு அவர் வீசிப்போன களிமண் உருண்டையில் அஞ்சு விரலும் அச்சாகப் பதிந்திருந்தன. அதைப் பார்த்துத்தான் மணியை இளக்கி, விரலுக்கு விரல் பள்ளம் வைத்து, பேனா சொருகத் துளை விட்டாள். ஆடுகிற ஸ்டாண்டுக்குக் கனம் கொடுத்தால் ஆட்டம் அடங்கும் என்பது அவளுக்கு லேப் சொல்லிக்கொடுத்தது. இருநூறு கிராம் அப்படித்தான் போனது. கேட்டு எடுத்திருக்கலாம். என்னவென்று சொல்லிக் கேட்பது?

சரி, எப்படியோ பொருள் போய்ச்சேர வேண்டிய கைக்குப் போய்ச்சேர்ந்துவிட்டது. பிடித்துப் பார்த்தால் புரியாமலா போகும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மூணு மணிக்கு ஸ்டோர்காரர் ஒரு கவரோடு வந்தார். முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

மெமோதான். லேப் பொருளைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்த குற்றம், நகல் கமிட்டிக்கு. அக்கா ரெண்டு தடவை படித்தாள். ஒன்பது வருஷமும் கண்முன் வந்து போயின. அப்புறம்தான் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். ஒரு பிசிறு இல்லாமல், முத்து முத்தாக இருந்தது.

“இது சார் போட்டதா தம்பி?”

ஸ்டோர்காரர் குரலைத் தாழ்த்தினார். “பறிமுதல் பண்ணின அந்தக் கட்டிக்குள்ள பேனாவைச் சொருகிப் போட்டார் அக்கா. கை ஆடவே இல்லை. தனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உட்காருதுன்னு ஒரே சந்தோஷம். இனிமே எல்லாக் கையெழுத்தும் அதுலதான்னு சொல்லிட்டார்.”

அக்கா மெமோவை மடித்தாள்.

“போணியே உங்க மெமோதான்” என்றார் ஸ்டோர்காரர்.