தறி ஓடாத இடம்

கோவை மருத்துவமனை வராந்தாவில், காலை வெயில் விழும் பெஞ்சில் செவ்வந்தியும் அவள் கணவன் கதிரேசனும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் கழுத்தில் பழைய தைராய்டு ஆபரேஷன் தழும்பு. அவன் கழுத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்த இடத்தில் புதுப் பிளாஸ்திரி. “பொம்பளைங்களுக்குத்தான் இந்தத் தைராய்டு கேன்சர் அதிகம் வருதுங்க. ஆம்பளைங்களுக்கு வந்தா, பெரும்பாலும் முத்தின பொறகுதான் தெரியுது,” என்று டாக்டர் இப்போதுதான் சொல்லி அனுப்பியிருக்கிறார். தை மாதம் அவன் கழுத்துக் கட்டியைத் தொட்டுக் காட்டியபோது, “இது பொம்பளைங்க நோவுங்க மாமா, உங்களுக்கு எங்கிருந்து வருது?” என்று சிரித்தவள் அவள்தான். அவன் குரல் கம்மிப்போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. கருமத்தம்பட்டியில் இருவரும் வேலை செய்யும் விசைத்தறிக் குடோன் சத்தத்தில் கைஜாடையிலேயே பேசிப் பேசி, வீட்டிலும் அதுவே பழக்கமாகிவிட்டது. அவன் மீசையில் இன்னும் ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருக்கிறது. விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று கேட்கிறான். அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்குகிறாள். “இங்க தறி ஓடலீங்க மாமா. வாயில கேளுங்க.” அவன் வாயைத் திறக்கிறான். அவள் காதை அருகில் கொண்டுபோகிறாள். காற்றுத்தான் வருகிறது. “தின்னுபோட்டேனுங்க,” என்கிறாள், மடியிலிருக்கும் பிரிக்காத இட்லிப் பொட்டலத்தை முந்தானையால் மூடிக்கொண்டே.