நான்காவது பங்கு

கையெழுத்துக்குப் பேனாவை நீட்டியதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

பத்திரம் எழுதுபவரின் கை நீட்டியபடியே நின்றது.

கோதை எழுந்து பின்னால் போனாள்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வரிசையாகப் பத்திரக் கடைகள். கடைசிக் கடையை ஒட்டிச் சாக்கடை. அதன் ஓரத்தில் குனிந்து நின்று அவள் வாந்தி எடுத்தாள். கோதை அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதுவரை அவளைத் தொட்டதில்லை.

பேச்சியம்மாள். அம்மா போன பிறகு அப்பா கட்டிக்கொண்டவள். கோதையைவிட இரண்டே வயது மூத்தவள். அந்தக் கல்யாணத்துக்குக் கோதை திருப்பூரிலிருந்து வரவில்லை. அப்பாவின் சாவுக்குத்தான் வந்தாள்.

அப்பா உயில் எழுதவில்லை. எழுதும் வயதாகிவிட்டது என்று அவர் நினைத்திருக்கவில்லை. டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

இருந்தது ஒரு வீடு. மனைவி, மகள், மகன். சட்டப்படி மூவருக்கும் சமமாக ஒவ்வொரு பங்கு. வாரிசுச் சான்றிதழிலும் மூன்று பெயர்தான். வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்வது என்று பேச்சு. தம்பி மாரிராஜ் ஆள் பிடித்திருந்தான். வாங்குகிறவரும் கடைக்குள் உட்கார்ந்திருந்தார்.

தன் பங்கை நம்பிக் கோதை திருப்பூரில் ஒரு மனை பார்த்து வைத்திருந்தாள். வாடகை வீடு மாறி மாறி அலுத்துப் போயிருந்தது.

வாந்தி நின்றது.

பேச்சியம்மாள் வாய் கொப்பளித்தாள். நிமிரவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றின் மேல் விட்டுக்கொண்டாள்.

அந்தக் கை போன இடத்தைக் கோதை பார்த்தாள்.

"எத்தனை மாசம்?"

பேச்சியம்மாள் குனிந்தபடியே சொன்னாள்.

"மூணு. அவுகளுக்குத் தெரியாது. காரியம் முடிஞ்ச பொறவுதான் எனக்கே தெரிஞ்சுது."

பிறகு கோதையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய சொல்லிராதம்மா. இந்த வயசுல, அவுகளும் இல்லாம... ஊரு என்ன பேசும். கையெழுத்தப் போட்டுட்டுப் போயிருவோம். நான் எங்கண்ணன் வீட்டோட போயிருதேன்."

கோதை அவளை நடத்தி உள்ளே கூட்டிவந்து, தான் இருந்த நாற்காலியில் உட்காரவைத்தாள்.

நின்றபடியே கேட்டாள்.

"அண்ணாச்சி, வயித்துல இருக்க பிள்ளைக்குப் பங்கு உண்டா?"

பத்திரம் எழுதுபவர் பேச்சியம்மாளைப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"உண்டும்மா. உசுரோட பொறந்துட்டா, அப்பா சாகும்போதே பொறந்து இருந்த மாதிரிதான். ஒங்களுக்கு எவ்வளவோ அதே அளவு அதுக்கும்."

"அப்ப நாலு பங்கு."

"அதெல்லாம் வேண்டாம்மா" என்று பேச்சியம்மாள் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வாங்க வந்தவர் எழுந்தார். "வில்லங்கம் இல்லாத சொத்துன்னீங்களே" என்று மாரிராஜிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

மாரிராஜ் அக்காவை வாசலுக்கு இழுத்து வந்தான்.

"என்னக்கா பண்ணுத? அவளே வேண்டாம்னு சொல்லுதா. உனக்கு என்ன வந்துச்சு?"

"அவ பங்கை அவ வேண்டாம்னு சொல்லட்டும். பொறக்காத பிள்ளைக்குச் சேந்ததை வேண்டாம்னு சொல்ல அவ யாரு, நான் யாரு?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அது அப்பாவோடதுன்னு யாருக்குத் தெரியும்?"

கோதை அவனையே பார்த்தாள். கோபப்படவில்லை.

"நீ அப்பா பிள்ளைன்னு எப்படிடா தெரியும்? அம்மா சொன்னா. நம்பினோம்."

மாரிராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கோதை உள்ளே வந்தாள்.

"நிறுத்தி வைங்க அண்ணாச்சி. எங்க வீட்டுல இன்னொரு ஆளு வர வேண்டியிருக்கு."

பிறகு திரும்பினாள்.

"சித்தி, எந்திரிங்க. ஏதாவது சாப்பிடுவோம்."

அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

திருப்பூர் மனையை வேறு யாரோ வாங்கினார்கள்.

ஊர் பேசத்தான் செய்தது.

கோதை மாதாமாதம் பஸ் ஏறி வந்தாள். சித்தியைக் கூட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாகவே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். சுற்றிப் போகப் பின்பக்கச் சந்து இருந்தது. அதில் போகவில்லை.

ஏழாம் மாதம் கண்ணாடி வளையல் வாங்கி வந்து, வெறுமையாக இருந்த அந்தக் கைகளில் முழங்கை வரை அடுக்கிவிட்டாள். பேச்சியம்மாள் அழுதாள். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்தாள். கோதை அவளையும் கூப்பிட்டு ஒரு வளையல் போடச் சொன்னாள்.

அவள் வந்து போட்டாள்.

பிரசவ வார்டுக்கு வெளியே கோதை பெஞ்சில் காத்திருந்த அன்று, மாரிராஜ் வந்தான். பத்திரக் கடையிலிருந்து போனவன் அதுவரை அவளோடு பேசவில்லை. படிக்கட்டுப் பக்கமாகவே நின்றான்.

ஏன் வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

அவன் உட்காரவில்லை.

கதவு திறந்தது. நர்ஸ் கையில் துணியில் சுற்றிய குழந்தை.

"பேச்சியம்மாள் வீட்டுக்காரர் யாருங்க?"

நர்ஸ் இன்னொரு முறை கேட்டாள். கோதை எழுந்திருக்கப் போனாள்.

அதற்குள் மாரிராஜ் அவளைத் தாண்டி வந்துவிட்டான். மீசையில் நரை விழுந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் வேட்டியில் அழுத்தித் துடைத்துவிட்டு நீட்டினான்.

"தம்பியா, தங்கச்சியா?" என்று கேட்டான்.