கருகிய போர்டு

ஹார்ட் டிஸ்க் சுழலவில்லை. சுகிர்தாவின் கணவன் சாவதற்கு முன் எடுத்த வீடியோக்கள் அதில் மட்டும்தான் இருந்தன. அப்போது வயிற்றிலிருந்த மகள் இப்போது அவள் இடுப்பில் இருந்தாள். அப்பாவின் குரலை அவள் கேட்டதே இல்லை.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைக்கார ஸ்டான்லி, டிஸ்கின் அடியிலிருந்த பச்சை போர்டை மீட்டரால் தொட்டுப் பார்த்தான். கடுகளவு டயோடு ஒன்று எரிந்திருந்தது.

“இத எடுத்துட்டா சுத்திரும்க்கா. வேற யாராச்சும் கை வச்சாங்களா?”

“எந்தம்பிதான். இதோட சார்ஜருக்குப் பதிலா லேப்டாப் சார்ஜர சொருகி போர்டையே கருக்கிட்டான். அப்புறம் இதே மாதிரி டிஸ்க்லேருந்து ஒரு போர்ட கழட்டி மாட்டுனான். மாட்டிட்டு, அந்த அறிவாளி மறுபடியும் அதே சார்ஜர சொருகுனான்.”

ஸ்டான்லி சிரிக்கவில்லை. “மொத போர்டு எங்கக்கா?”

“கருகுன சாமான் வீட்ல இருந்தா ஆகாதுன்னு மாமியா அன்னைக்கே குப்பை வண்டியில போட்டுட்டாங்க.”

இந்த டிஸ்கைப் படிக்கும் வழி அந்த முதல் போர்டின் சின்ன சிப் ஒன்றில்தான் இருந்தது. வேறு எந்தப் போர்டுக்கும் அது தெரியாது. சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் டயோடை நீக்கிவிட்டு மின்சாரம் கொடுத்தான். டிஸ்க் அவன் உள்ளங்கையில் அதிர்ந்து சுழன்றது. கணினித் திரையில் எதுவும் வரவில்லை.

“சுத்துது!” திரையைப் பார்க்காமலே சுகிர்தா டிஸ்கை வாங்கி மகளின் காதில் வைத்தாள். “உள்ள அப்பா இருக்காரு பாப்பா. கேக்குதா?”

குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

“ம்ம்ம்னு சொல்றாரும்மா.”

ஸ்டான்லியின் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அவனால் அதை அணைக்க முடியவில்லை.