அன்றைக்கு அடித்த ஜுரம்

அந்தக் காலத்தில் சேவியர் நோஞ்சான் ஆட்களை அடித்துத்தான் குத்துச்சண்டை சாம்பியன் பட்டம் வாங்கினார் என்று பத்திரிகையில் யாரோ எழுதிவிட்டார்கள். பொறுக்க முடியாமல் அவர் ஒரு நிருபரையும் கூட்டிக்கொண்டு, இறுதிப் போட்டியில் தன்னிடம் தோற்ற பொன்னுரங்கத்தின் ராயபுரம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நீ எப்பேர்ப்பட்ட பாக்ஸர்னு இவருகிட்ட சொல்லுடா."

பொன்னுரங்கத்தின் மனைவி தேவகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக இந்த வாசலை மிதிக்காத மனுஷன்.

"பெரிய பாக்ஸர்தாண்ணே. ஃபைனல் அன்னிக்கு ஜுரத்துல நிக்கவே முடியல இவரால. நெத்தியில ஈரத்துணி போட்டு நான்தான் அனுப்பி வச்சேன். அதையும் எழுதச் சொல்லுங்க."

நிருபர் எழுதுவதை நிறுத்தினார். சேவியரின் முகம் தொங்கிப்போயிற்று. பொன்னுரங்கம் அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜுரமெல்லாம் இல்ல சார். இவ வேற எதையோ நெனச்சுக்கினு சொல்றா. நல்லாத்தான் இருந்தேன். நல்லா இருந்துதான் தோத்தேன்."

சேவியர் அவர் கையை இறுகப் பிடித்துக் குலுக்கிவிட்டு, நிருபரோடு படியிறங்கிப் போனார். தேவகி டீ டம்ளர்களை நங்கென்று தொட்டியில் போட்டாள்.

"வூட்டுல குந்திக்கினுகூட அவருகிட்டயே தோக்கணுமாய்யா நீ?"